உறைபனியில் ஒரு நீச்சற்குளம்



குளம் என்றால் நமக்குத் தெரிந்தது தரையைத் தோண்டி, நாற்புறமும் படிகட்டி, வானம் தரும் நீரை வாங்கி வைத்துக்கொள்ளும் நீர்நிலைதான். முற்றத்தில் வைத்த பெரியதோர் அண்டாவைப்போலத் தரைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் குளமும் உலகத்தில் உண்டு என்று சொன்னால் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் எத்தனையோ வீடுகளின் பின்புறத்தில் இத்தகைய குளங்கள் நிற்கின்றன. கோடை மாதங்களில் குழந்தைகள் அவற்றில் நீந்திக் களிக்கிறார்கள். அதன் பின்னர் வருகிறது பனிக்காலம். அந்தக் காலத்தில் அக்குளத்தை என்ன செய்வது? பிரித்து எடுத்து வைப்பதா, நின்றபடியே விட்டு வைப்பதா? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது நம் ஊரில் யாருக்குப் பயன்படும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் நான். அந்தப் பௌதிகத்தில் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஒருவருக்கு யோசனை சொன்னேன்; அதனால் ஒரு குளம் அழிந்தது. அந்தத் தவற்றை உங்களிடம் ஒப்புக்கொண்டு, நான் மறந்துபோன மறுபாதியையும் விளக்கிச் சொல்லவே இங்கு வந்திருக்கிறேன்.

என் தமையனாரின் மகன் மின்னசோட்டா மாநிலத்தில் வாழ்கிறான். அமெரிக்காவின் வட எல்லையில், கனடாவை அடுத்துள்ள மாநிலம் அது. பத்து ஏக்கருக்குக் குறையாத பரப்புள்ள ஏரிகள் மட்டும் அங்கே 11,842 உண்டு. குளிர்காலத்து இரவுகளில் வெப்பநிலை, நீர் உறையும் நிலைக்கும் கீழே இருபது டிகிரி சென்டிகிரேட் வரை இறங்குவது அங்கே அதிசயம் அன்று. வீடு கட்டுவோர் அடித்தளத்தை மாநிலத்தின் தென்பகுதியில் 42 அங்குல ஆழத்திற்கும், வடபகுதியில் 60 அங்குல ஆழத்திற்கும் கொண்டு செல்ல வேண்டும் என்பது அங்குள்ள கட்டட விதி. அதற்கும் மேலே உள்ள மண் குளிர்காலத்தில் உறைந்து, பருத்து, தன் மேல் உள்ளதைத் தூக்கிவிடும் என்பதே அவ்விதிக்குக் காரணம்.

2016ஆம் ஆண்டுக் கோடையில் என் தமையன் மகன் தன் வீட்டின் பின்புறத்தில் ஒரு குளம் அமைத்தான். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சித்தப்பா, இனிமேல் இங்கே எல்லாம் உறைந்துவிடும். குளத்துத் தண்ணீரை அப்படியே விடலாமா?" என்று கேட்டான். நான் சற்றும் தயங்கவில்லை. "நீர் பனிக்கட்டியாகும்போது பருக்கும். பருத்தால் பாத்திரத்தை உடைக்கும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி ஆயிற்றே! தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிடு," என்றேன். வாத்தியார் சொல்லைத் தட்டாமல் அவன் அவ்வாறே செய்தான்.

நவம்பர் மாதத்தில் ஓர் இரவு பலமான காற்று வீசியது. மறுநாள் காலையில் பார்த்தபோது குளத்தின் சுவர் ஒரு பக்கமாக மடங்கி உள்ளே விழுந்து கிடந்தது. உள்ளே விரித்திருந்த வினைல் விரிப்போ குளிரில் விறைத்துச் சுருங்கி, ஓரங்களில் கிழிந்திருந்தது. பனிக்கட்டி ஒரு துளிகூட இல்லாமலே குளம் உடைந்துவிட்டது! "சுவர் போய்விட்டது, சித்தப்பா," என்று மட்டுமே அவன் சொன்னான். என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

எங்கே பிழை நேர்ந்தது? அதனை அறிய, இக்குளம் எவ்வாறு நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவன் வீட்டுக் குளம் வட்ட வடிவமானது. குறுக்களவு 24 அடி. சுவரின் உயரம் 52 அங்குலம். அந்தச் சுவரின் கனம் என்ன தெரியுமா? ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசி, நெளிவுகள் வைத்துச் செய்த எஃகுத் தகடு அது. பாய்போலச் சுருட்டி வந்த அந்தத் தகட்டை வட்டமாக நிறுத்தி, இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து முடுக்குகிறார்கள். வெளிப்புறத்தில் சில தூண்கள் நிற்கின்றன. மேலே ஒரு வளையப் பட்டை ஓடுகிறது. உள்ளே, சமன் செய்த மணலின் மேல், அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள வினைல் விரிப்பு கிடக்கிறது. இவ்வளவுதான் குளம்.

இதில் நான்கடி ஆழம் நீர் நின்றால் அதன் அளவு ஏறக்குறைய 51,000 லிட்டர். அதாவது 51 டன் எடை. அடிமட்டத்தில் நீரின் அழுத்தம் சுவரின் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 113 கிலோகிராம் எடையின் விசையோடு வெளிப்புறமாகத் தள்ளுகிறது. இவ்வளவையும் அந்த மெல்லிய தகடு எவ்வாறு தாங்குகிறது?

நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். மரச் சக்கரத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை போடுகிறார்கள். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, நீர் ஊற்றிக் குளிர வைத்தவுடன் அது சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. உள்ளிருந்து மரம் வெளியே தள்ள, சுற்றிலும் பட்டை விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. நம் குளத்துச் சுவரும் அத்தகைய பட்டையே. உள்ளிருந்து நீர் எல்லாத் திசையிலும் ஒரே சீராகத் தள்ளுகிறது. தகடு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இழுபடுகிறது. எஃகு இழுவிசையைத் தாங்குவதில் வல்லது. ஆனால் அதே மெல்லிய தகட்டை வெளியிலிருந்து உட்புறமாகத் தள்ளினால் காகிதம்போல மடங்கிவிடும். நீர் நிரம்பிய தோற்பை நிமிர்ந்து நிற்கிறது. வெறும் பை துவண்டு விழுகிறது. குளத்தின் கதையும் அதுவே.

ஆகவே, தண்ணீர் சுவருக்குப் பகைமட்டும் அன்று. சுவரை நிறுத்தி வைக்கும் துணையும் அதுவே. நான் பகையை மட்டும் கண்டேன்; துணையைக் காணவில்லை. நீரை வெளியேற்றச் சொன்ன அன்றே சுவரின் வலிமையையும் வெளியேற்றச் சொல்லிவிட்டேன்.

மறு ஆண்டு, அதாவது 2017ஆம் ஆண்டு செப்டம்பரில், நான் அவன் வீட்டிற்குச் சென்று அடுத்த ஏப்ரல் வரையில் தங்கியிருந்தேன். அதற்குள் புதிய சுவரும் புதிய விரிப்பும் வாங்கி அவன் குளத்தை மீண்டும் நிறுத்தியிருந்தான். அடுத்த வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் வாழ்ந்து வந்தார். பல குளிர்காலங்களாகத் தம் குளத்தைப் பிரிக்காமலே காத்து வருபவர் அவர். கல்லூரிப் படிப்பு அவருக்கு இல்லை. ஆயினும், அந்தப் பருவம் முழுவதும் நான் அவருக்கு மாணாக்கனாக இருந்தேன்.

அவர் எங்களுக்கு முதலில் சொன்னது இது: எல்லாக் குளங்களையும் நிறுத்தி வைக்கலாகாது. காற்றடைத்த வளையத்தால் நிற்கும் சிறு குளங்களையும், குழாய்ச் சட்டத்தில் துணிபோன்ற சுவரை மாட்டிய குளங்களையும் உறைபனி வருமுன் வடித்து, உலர்த்தி, மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். எஃகுச் சுவர்போன்ற உறுதியான சுவர் உள்ள குளமே நீரோடு நின்று பனிக்காலத்தைக் கழிக்கத்தக்கது.

இனி, என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்த கேள்விக்கு வருவோம். நீர் உறைந்தால் பருக்கும் என்பது பொய்யன்றே! நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுகிறது. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து விஞ்ஞானக் கழகத்தினர் 1667ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைத் தொகுப்பிலேயே, உலோகக் கலங்களில் நீரை அடைத்து உறைய வைத்து அவை பிளந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியாயின், நீரோடு நிற்கும் குளம் ஏன் பிளப்பதில்லை?

அடைத்த கலம் வேறு, திறந்த கலம் வேறு என்பதே விடை. பருக்கும் பனிக்கு மேலே வெளி இருக்குமாயின் அது மேல்நோக்கி உயரும். வழி அடைபட்டிருந்தால்தான் சுவரை உடைக்கும். குளத்தில் உறைதல் எங்கே தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மற்றப் பொருள்கள் பெரும்பாலும் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துப்போகின்றன. நீரோ நான்கு டிகிரி சென்டிகிரேட் வரையில்தான் அவ்வாறு செய்கிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரிந்து இலேசாகிறது. எடின்பரோ நகரில் தாமஸ் சார்லஸ் ஹோப் என்ற பேராசிரியர் 1805ஆம் ஆண்டில் ஓர் எளிய கருவியைக்கொண்டு இதனை விளக்கிக் காட்டினார். ஹோப் கருவியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள்.

இதன் விளைவு என்ன? குளத்து நீர் முழுவதும் நான்கு டிகிரிக்கு வரும் வரையில் குளிர்ந்த நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பின்னர், மேலும் குளிர்ந்த நீர் மேலேயே மிதந்து, அங்கேயே உறைந்துவிடுகிறது. பனிக்கட்டிக்குள் நீரின் அணுத்திரள்கள் இடைவெளி விட்டு அறுகோணமாக அடுக்கி நிற்பதால் அது நீரைவிட இலேசானது, எனவே மிதக்கிறது. ஒரு கிராம் நீர் உறைய வேண்டுமானால் 80 கலோரி வெப்பம் அதிலிருந்து வெளியேற வேண்டும். அந்த வெப்பம் முன்பே உறைந்த பனியைக் கடந்துதான் வெளியே போக முடியும். பனி தடிக்கத் தடிக்க, அடுத்த அங்குலம் உறைவதற்கு மேலும் மேலும் நாளாகிறது. பனியின் மேல் வெண்பனித்தூள் விழுந்து போர்த்தினால் இன்னும் தாமதமாகும். இதனால்தான் ஏரிகளின் அடியில் மீன்கள் குளிர்காலம் முழுவதும் உயிரோடு வாழ்கின்றன. மின்னசோட்டா மக்கள் உறைந்த ஏரியின்மேல் நடந்து சென்று, பனியில் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். புதிதாக உறைந்த தெளிந்த பனி நான்கு அங்குலமாவது தடித்த பின்னரே அதன்மேல் நடக்கலாம் என்று அம்மாநில அரசு எச்சரிக்கிறது.

இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடத்திற்கு ஐஸ் ஹவுஸ் என்ற பழம்பெயர் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துச் சுற்றுப்புற ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பிய பிரடெரிக் டியூடர் என்ற வணிகர் 1842ஆம் ஆண்டில் அதனைக் கட்டுவித்தார். பனி அடியில் உறைந்து கிடக்குமானால் அதனை யார் அறுத்தெடுத்திருக்க முடியும்? மேலே மிதந்ததால்தான் அந்த ஏரிப் பனி சென்னை வரையில் வந்தது.

குளத்திற்குத் திரும்புவோம். திறந்த குளத்தில் பனி மேலெழும்ப இடம் உண்டு. ஆனால் பம்பிலும், வடிகட்டியிலும், குழாய்களிலும் அந்த இடம் இல்லை. அங்கே ஒரு குவளை நீர் தேங்கியிருந்தாலும் போதும். உறைந்து பருத்து, கலத்தைப் பிளந்துவிடும். ஆகவே, நான் தமையன் மகனுக்குச் சொன்ன யோசனை குளத்திற்குத்தான் பொருந்தாது. பம்பிற்கு முற்றும் பொருந்தும். ஒரே உண்மை ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் ஆனதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அவ்வாண்டு நாங்கள் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, குளம் ஒழுகுகிறதா என்று பார்த்தோம். ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்து ஏணிப்படியில் வைத்தோம். வாளியின் நீர்மட்டத்தையும் குளத்தின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொண்டோம். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே அளவாகக் குறைந்திருந்தன. வெயிலும் காற்றும் இரண்டிலிருந்தும் ஒரே சீராகவே நீரைக் கொண்டுபோகும். குளத்தில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை உண்டு என்பது பொருள்.

இந்தச் சோதனையைத் தச்சர் மிகவும் வற்புறுத்தினார். காரணத்தையும் சொன்னார். அவருடைய முதற்குளத்தின் விரிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருந்ததாம். மேலே பனி உறைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. அடியில் நீர் சிறிது சிறிதாகக் கசிந்து போயிற்று. தாங்கி நின்ற நீர் விலகவே, பனிப்பாளம் சுவரைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. ஓர் இரவு அது பெயர்ந்து விழுந்தபோது சுவரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிற்று. நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 24 அடிக் குளத்தில் ஓரடி கனமுள்ள பனிப்பாளத்தின் எடை 11 டன்னுக்கு மேல் ஆகிறது. நீரின் மேல் மிதக்கும்போது அது யாருக்கும் பாரமில்லை. நீர் விலகினால் அத்தனை பாரமும் அந்த மெல்லிய தகட்டின் மேல்!

இரண்டாவது, நீரைச் சுத்தம் செய்தோம். இலைகளை அள்ளி, அடியைத் துடைத்து, நீரின் கார அமில அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்குமாறு செய்து, குளோரினும் பாசி கொல்லும் மருந்தும் சேர்த்துக் கலக்கினோம். குளோரின் வில்லைகளை நேரே விரிப்பின்மேல் போடலாகாது. அந்த இடம் வெளுத்துக் கெட்டுவிடும். நீர் நன்றாகக் குளிர்ந்த பின்னரே குளத்தை மூட வேண்டும். வெதுவெதுப்பான நீரை மூடினால் உள்ளே பாசி வளர்ந்துவிடும்.

மூன்றாவது, நீர்மட்டத்தைச் சிறிது இறக்கினோம். சுவரின் மேற்புறத்தில் மிதக்கும் தூசியை உறிஞ்சுவதற்காக ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். அந்த வாய்க்குச் சில அங்குலம் கீழே வரும் வரையில் மட்டும் நீரை வெளியேற்றினோம். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இறக்கவில்லை. பின்பு பம்பையும் வடிகட்டியையும் கழற்றி, அடித்தக்கைகளைத் திறந்து, ஒரு சொட்டு நீரும் இல்லாமல் வடித்து, வீட்டின் கீழறையில் வைத்தோம். குழாய்களைக் கழற்றி உலர்த்தினோம். சுவரில் நீர் திரும்பி வரும் துளையை இறுக அடைத்தோம். ஏணியையும் எடுத்துவிட்டோம்.

நான்காவது, குளத்தின் நடுவே பாதியளவு காற்றடைத்த தலையணை ஒன்றை மிதக்கவிட்டு, கயிற்றால் இருபுறமும் கட்டினோம். இது எதற்கு? பனி முதலில் உறையும்போது மட்டும் பருப்பதில்லை. உறைந்த பனியும் மற்றத் திடப்பொருள்களைப்போலக் குளிரில் சுருங்கும், வெப்பத்தில் நீளும். கடுங்குளிரில் அது சுருங்கி வெடிக்கிறது. வெடிப்பில் நீர் ஏறி உறைகிறது. பிறகு வெயில் அடித்துப் பத்து டிகிரி வெப்பம் கூடினால், 24 அடிப் பனிப்பாளம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளுகிறது. ஏரிக் கரைகளில் இவ்வாறு நீளும் பனி கல்லையும் மண்ணையும் தள்ளிச் சிறு வரப்புகளை எழுப்பிவிடுவது உண்டு. குளத்தின் நடுவே நசுங்கத்தக்க தலையணை ஒன்று இருந்தால், ஒரே பாளமாக இறுகாமல் பனிக்கு அங்கே இடம் கிடைக்கிறது. முழுவதும் காற்றடைத்தால் தலையணை நசுங்காமல் வெடித்துவிடும், ஆகவேதான் பாதியளவு. ஆயினும், சுவரைக் காக்கும் மந்திரக் கவசம் என்று தலையணையை எண்ணிவிடக் கூடாது. மேலே மூடும் தார்ப்பாய் நடுவில் குழியாமல் மேடாக நிற்கச் செய்வதும் அதன் முக்கியமான பயன்.

ஐந்தாவது, ஒளி புகாத தார்ப்பாயால் குளத்தை மூடினோம். ஓரத்துக் கண்களில் கம்பிவடத்தைக் கோத்து, சுவரின் வெளிப்புறத்தில் சுற்றி, முறுக்கியால் இறுக்கினோம். ஒளி இல்லையேல் பாசிக்கு உணவில்லை. தார்ப்பாய் வெயிலைத் தடுப்பதால் குளோரினும் விரைவில் அழிவதில்லை.

உங்களுள் சிலர், "இவ்வளவு பாடு எதற்கு? கடல்நீர் எளிதில் உறைவதில்லையே. உப்பைக் கொட்டிவிட்டால் என்ன?" என்று கேட்கக்கூடும். நானும் அதனைக் கேட்டேன். பிறகு நானே கணக்கிட்டு வெட்கினேன். கடல்நீரே பூச்சியத்திற்குக் கீழே ஏறக்குறைய இரண்டு டிகிரியில் உறைந்துவிடும். கழித்தல் இருபது டிகிரியிலும் உறையாதிருக்க வேண்டுமானால் அக்குளத்தில் ஏறத்தாழ 15 டன் உப்பைக் கரைக்க வேண்டும். பின்னர் எஃகுச் சுவர் துருவிலிருந்து தப்பாது. நீரைக் கொட்டிய இடத்தில் புல்லும் முளைக்காது.

டிசம்பரில் குளம் உறைந்தது. வாரம் ஒருமுறை கம்பிவடம் தளர்ந்திருக்கிறதா, நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா, சுவரடியில் ஈரம் கண்டிருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பது என் வேலை. தார்ப்பாயின் மேல் விழுந்த வெண்பனியை வாரவேண்டாம் என்று தச்சர் தடுத்துவிட்டார். அடியிலுள்ள பனிப்பாளம் அதனைத் தாங்கும்; மண்வெட்டி பட்டால் தார்ப்பாயும் விரிப்பும் கிழியும்; பனியை உடைக்கத் தட்டினாலோ சுவருக்கே ஆபத்து.

இவ்வளவும் முறையாகச் செய்த பின்னரும் மார்ச் மாதத்தில் நான் மீண்டும் ஒரு தவறு செய்தேன். இதனைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமை பெறாது.

முற்றத்து நடைபாதையில் விழுந்த பனியை வாரி, எனக்கு வசதியாக இருந்த இடத்தில், குளத்துச் சுவரின் ஓரமாகவே குவித்து வந்தேன். குளிர்காலம் முழுவதும் குவித்ததில் அது சுவர் உயரத்திற்குச் சரிவான மேடாகிவிட்டது. மார்ச் மாதத்தில் பனி இளகத் தொடங்கியது. தார்ப்பாயின் மேல் உருகிய நீர் தேங்கி, அதன்மேல் பழைய இலைகள் படிந்து, பார்வைக்குத் தரைபோலவே இருந்தது. ஒரு நாள் மாலை, நான்கு வயதுப் பேரன் பந்தைத் தேடிக்கொண்டு அந்த மேட்டின்மேல் ஏறி, சுவரின் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டான். நான் ஓடிச்சென்று பின்னாலிருந்து அவனைப் பிடித்துக்கொண்டேன். பனிமேட்டில் விழுந்து எனக்கு முழங்கை சிராய்த்ததன்றி, யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. "ஏன் தாத்தா அழுகிறீர்கள்?" என்று அவன் கேட்டான். எனக்கு விடை சொல்ல வரவில்லை.

குளிர்காலத் தார்ப்பாய் நீரைக் காக்கும் மூடியேயன்றி மனிதரைத் தாங்கும் மூடி அன்று. இளகும் பருவத்தில் சுவரோரத்துப் பனிதான் முதலில் கரைகிறது. அங்கே கால் வைத்தால் தார்ப்பாயோடு உள்ளே போக நேரும். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்திற்கு முதற்காரணம் நீரில் மூழ்குதலே என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கூறுகிறார்கள். ஏணியை எடுத்துவைத்த நானே, பனியால் வேறோர் ஏணியைக் கட்டி வைத்திருந்தேன். அன்றிரவே தமையன் மகனும் நானும் விளக்கை வைத்துக்கொண்டு அந்த மேட்டை முழுவதும் வெட்டி அகற்றினோம். தார்ப்பாயின் மேல் தேங்கிய நீரை மறுநாளே சிறு பம்பினால் இறைத்துவிட்டோம்.

ஏப்ரலில் பனி முற்றும் கரைந்தது. நாங்கள் தார்ப்பாயை நீக்கியபோது, நசுங்கிய தலையணை ஒரு மூலையில் மிதந்தது. நீர் அடித்தளம் தெரியும்படி தெளிந்திருந்தது. சுவரில் ஒரு சுருக்கமும் இல்லை. 51,000 லிட்டரில் பெரும்பகுதி வீணாகாமல் மிஞ்சியது. நம் நாட்டு நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள்; அக்கணக்கின்படி 51,000 லிட்டர் என்பது ஒருவருக்கு ஓராண்டுக்கு மேல் போதுமான நீர். அத்தனையையும் முந்திய ஆண்டில் என் ஒரு சொல்லால் புல்தரையில் ஓடவிட்டோம் என்பதை எண்ணியபோது மனம் வருந்தியது.

மாணவ நண்பர்களே, நீர் உறைந்தால் பருக்கும் என்பதை நான் உங்களைப்போன்ற ஆயிரம் பேருக்குக் கற்பித்திருக்கிறேன். அது உண்மை, இன்றும் உண்மை. ஆனால் ஓர் உண்மையைத் தெரிந்துகொண்ட மகிழ்ச்சியில், அதே பொருளைப் பற்றிய மற்ற உண்மைகளைக் கேளாமல் இருந்துவிட்டேன். சுவர் எதனால் நிற்கிறது என்று ஒரே ஒரு கேள்வியைத் தொலைபேசியில் கேட்டிருந்தால் போதும். அதனைக் கேட்கும் பழக்கம் அந்தத் தச்சருக்கு இருந்தது. முப்பது ஆண்டுகள் விடை சொல்லியே பழகிய எனக்கு இல்லாமல் போயிற்று.

இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் தமையன் மகன் என்னை அழைக்கிறான். வாளியில் நீர் வைத்தாயிற்றா, பம்பை வடித்தாயிற்றா என்று நான் கேட்கிறேன். முடிவில், "பனியை எங்கே குவிப்பதாக உத்தேசம்?" என்று தவறாமல் கேட்கிறேன். "வேலியோரத்தில், சித்தப்பா," என்கிறான் அவன். அதன் பின்னரே எனக்கு நிம்மதியாக உறக்கம் வருகிறது.